மூடிக் கணக்கு

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் சுண்டெலி. தூக்கி வந்த அன்று உள்ளங்கைக்குள் அடங்கியது, மகள் அப்படிக் கூப்பிட்டாள், அதுவே ஒட்டிக்கொண்டது. இப்போது மூன்றரைக் கிலோ. நாயின் பெயர் ராஜா. தெருவில் ஒரு சரவெடி வெடித்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் ராஜா. இரண்டும் ஒன்றாகத்தான் தூங்கும். ராஜாவின் வயிறுதான் சுண்டெலிக்கு மெத்தை. தூங்குவதற்கு முன்னால் அவன் காது, கழுத்து, தாடை எல்லாவற்றையும் நக்கிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் சுருண்டு படுக்கும். இந்தக் காட்சியைப் போனில் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன். போன வருஷம் மே மாதம் அந்த நக்கும் பழக்கத்தால்தான் சுண்டெலி சாகப் பார்த்தது. காரணம் நான்.

அக்னி நட்சத்திரத்தில் காட்பாடி எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது, குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். நமக்குத்தான் அது கஷ்டம், நாய் உண்ணிக்குக் கொண்டாட்டம். வெயில் ஏற ஏற அதன் முட்டை சீக்கிரம் பொரிக்கும். அந்த மாதம் ராஜாவின் காது மடலைத் திருப்பிப் பார்த்தால், ஆமணக்குக் கொட்டை ஒட்டவைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஏழெட்டு, ரத்தம் குடித்துப் பருத்து உட்கார்ந்திருக்கும். விரல் இடுக்கில் கடுகு மாதிரி இன்னும் சில. அவன் படுக்கும் மூலையில் சுவரைப் பார்த்தால் ஒற்றை வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

டாக்டரிடம் போனேன். சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவர், பொறுமையான அம்மா. “நாய் மேல இருக்கிறது கொஞ்சம்தான் சார். மிச்சம் உங்க சுவத்துல இருக்கு” என்றார். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயைவிட்டுக் கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ கதவு நிலைக்குப் பின்னாலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடுமாம். அதனால் ஒரு நாள் குளிப்பாட்டிவிட்டால் தீர்ந்துபோகிற விஷயம் இல்லை என்று சொல்லி, எடைக்குத் தகுந்த மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். நாயின் ரத்தத்தில் கலந்திருந்து, கடிக்கிற உண்ணியைக் கொல்லும் வகை. விலையைக் கேட்டேன். ஒரே ஒரு மாத்திரை, ஆயிரத்துச் சொச்சம். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கஞ்சத்தனம்தான், வேறு பெயர் வைக்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அணைக்கட்டுத் தாலுகா, இலவம்பாடிக்குப் பக்கம். முள்ளுக் கத்திரிக்காய்க்குப் பேர்போன மண். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்தக் கத்திரிக்காய்க்குத்தான். உண்ணிக் கதையைச் சொன்னதும் சித்தப்பா மாட்டுக் கொட்டகையின் வாரைக்கு மேலே கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தார்.

“மாட்டுக்கு இதான் போடறன். ஒரே நாள்ல கொட்டிப்பூடும்.”

“எவ்ளோ ஊத்தணும் சித்தப்பா?”

“இதுல இன்னாடா பெரிய கணக்கு? ஒரு மூடி ஊத்து.”

நூற்றிருபது ரூபாய்க்கு அதே பாட்டில் அணைக்கட்டு கடையில் கிடைத்தது. சைபர்மெத்ரின், ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். லேபிளில் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. வண்டியை எடுக்கிற அவசரத்தில், ‘விலங்குகளுக்கு மட்டும்’ என்பதை மட்டும் படித்தேன். நாயும் விலங்குதானே.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மாடியில் வைத்து ராஜாவுக்குக் குளியல். பக்கெட்டில் அரைவாசித் தண்ணீர். மூடியால் ஒரு முறை ஊற்றினேன். பால் மாதிரி வெள்ளையாகக் கலங்கியது. உண்ணி அதிகமாக இருக்கிறதே என்று இன்னொரு மூடி. ஸ்பாஞ்சில் தொட்டுக் காது முதல் வால் வரை நன்றாகத் தேய்த்து, கழுவாமல் அப்படியே காயவிட்டேன். மத்தியானத்துக்குள் உண்ணியெல்லாம் உதிர்ந்துவிட்டது. ராஜா கொஞ்சம் எச்சில் ஒழுக்கினான், மந்தமாக இருந்தான், சாயங்காலம் சரியாகிவிட்டான். மாத்திரைக் காசு மிச்சம் என்று மனைவியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ராத்திரி பத்தரை இருக்கும். சுண்டெலி சமையலறை வாசலில் உட்கார்ந்து காதை ஆட்டிக்கொண்டிருந்தது. கொசு என்று நினைத்தேன். அப்புறம் முன்னங்காலை உதறியது. ஈரத்தில் மிதித்துவிட்டால் பூனை உதறுமே, அதே மாதிரி. ஆனால் தரை காய்ந்திருந்தது. நாலடி நடக்கும், உதறும். இன்னும் நாலடி, மறுபடி உதறும். முதுகுத் தோல், காற்றடித்த குளத்துத் தண்ணீர் போல, கழுத்திலிருந்து வால் வரை சுருங்கிச் சுருங்கி ஓடியது. பதினொன்றரைக்கு உடம்பு மொத்தமும் நடுங்க ஆரம்பித்தது. ஜன்னல் திண்டில் ஏறப் பார்த்துப் பொத்தென்று பக்கவாட்டில் விழுந்தது.

அம்மா ஒரு கிண்ணத்தில் பாலோடு வந்துவிட்டார். “விசம் ஏதோ தின்னுட்டு வந்துக்கீது. பாலு ஊத்துனா முறிஞ்சிடும்.” எனக்கும் அதுதான் தெரியும். விஷத்துக்குப் பால், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர். ஆனாலும் அதற்கு முன்னால் டாக்டருக்குப் போன் போட்டேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தார்.

“வாய்ல எதையும் ஊத்தாதீங்க. நடுங்கிட்டிருக்கும்போது ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும். நாய்க்கு ஏதாச்சும் போட்டீங்களா?”

சொன்னேன். ஒரு நொடி அமைதி.

“பூனையும் நாயும் ஒண்ணாப் படுக்குமா?”

படுக்கும் என்றேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது.

பாத்திரம் துலக்குகிற லிக்விட் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பூனையைக் கழுவச் சொன்னார். சுடு தண்ணீர் கூடாது, தோலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் உள்ளே இழுக்கும். பச்சைத் தண்ணீரும் கூடாது, உடம்பு குளிர்ந்தால் இந்த வகை விஷத்தில் நடுக்கம் கூடும். இவ்வளவு நுணுக்கத்தையும் அவர் நிதானமாகச் சொல்ல, நான் ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டுக்கொண்டே பாத்ரூமில் உட்கார்ந்து கழுவினேன். சாதாரண நாளாயிருந்தால் தண்ணீரைப் பார்த்ததும் என் கையைக் கிழித்திருக்கும். அன்றைக்கு நகத்தைக்கூட வெளியே எடுக்கவில்லை. துண்டில் சுற்றி, மனைவி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மணி பன்னிரண்டேகால். துண்டுக்குள்ளிருந்து நடுக்கம் தன் தொடை வரைக்கும் வருகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மனைவி செய்த ஒரு நல்ல காரியம், அந்தப் பாட்டிலை ஒரு கவரில் போட்டு எடுத்து வந்தது. டாக்டர் முதலில் பூனையின் கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்தார், அடுத்து பாட்டிலை வாங்கிப் படித்தார். “இது இல்லாம வந்திருந்தா நான் ரெண்டு வழியில யோசிச்சிருக்கணும்” என்றார். நடுக்கத்தை அடக்க ஊசி போட்டு, நரம்பில் சலைன் ஏற்றினார். ராத்திரி இரண்டு மணிக்குச் சுண்டெலி ஓரளவு அடங்கிய பிறகு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்த இரண்டு வழியையும் விளக்கினார்.

ஒன்று, பைரித்ராய்டு வகை. சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றின் பூச்சிக்கொல்லும் சத்தைப் பார்த்து ரசாயனத்தில் செய்தது. சைபர்மெத்ரின், பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் எல்லாம் இந்தச் சாதி. கொசுவர்த்தி லிக்விடில், எறும்புச் சாக்பீஸில், கரப்பான் ஸ்பிரேயில் இருப்பதும் பெரும்பாலும் இதன் உறவுக்காரர்கள்தான். நரம்பில் சோடியம் போய்வருகிற வாசல் ஒன்று உண்டு. திறந்த வாசலை இது மூடவிடாது, அதனால் நரம்பு ஓயாமல் துடிக்கும். மனிதனுக்கும் நாய்க்கும் ஈரல் இதை உடைத்து வெளியேற்றிவிடும். அந்த வேலையில் கடைசிப் படி ஒன்று, குளுக்குரோனிக் அமிலத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்புவது. பூனை ஈரலுக்கு அதைச் செய்யும் நொதி மிகவும் குறைவு. அதனால் நாயின் மேல் சும்மா கிடக்கிற அளவே பூனையின் உடம்பில் மணிக்கணக்கில் தங்கிக் கூத்தாடும். பாரசிட்டமால் மாத்திரையும் இதே காரணத்தால் பூனைக்கு ஆகாது, ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போதும் கொல்ல என்று சொன்னபோது மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். போன மழைக்காலத்தில் சுண்டெலி தும்மிக்கொண்டிருந்தபோது கால் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டவன் நான்.

இன்னொன்று, ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை. வயலுக்கு அடிப்பதில் பழைய சரக்குப் பலவும் இதுதான். தசையை இயக்க நரம்பு முனையில் சுரக்கிற அசிட்டைல்கோலின் என்ற பொருளை, வேலை முடிந்ததும் துடைத்தெடுக்க ஒரு நொதி இருக்கிறது. இந்த விஷம் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். வாயில் நுரை நுரையாக எச்சில், கண்ணில் நீர், அடக்க முடியாமல் சிறுநீரும் மலமும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சுக் குழாயில் சளி நிறைந்து திணறும். இதற்கு அட்ரோபின் உண்டு. பைரித்ராய்டை முறிக்க அப்படி ஒரு மருந்து கிடையாது. உடம்பு தானாக வெளியேற்றும் வரை நடுக்கத்தை அடக்கிக் காவல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் ஊசிமுனைக் கண்மணி என்றதும் எனக்குச் செவலை ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது இருக்கும். அப்போது எங்கள் வேலூர் மாவட்டம் ஒன்றுபட்ட வட ஆற்காடாக இருந்து, திருவண்ணாமலை பிரிந்துபோன சமயம். தாத்தாவின் கத்திரித் தோட்டத்துக் காவல் நாய் செவலை. கத்திரிக்குப் பெரிய எதிரி, தண்டையும் காயையும் துளைக்கிற புழு. முட்டையிலிருந்து வந்த உடனே தண்டுக்குள்ளேயோ காய்க்குள்ளேயோ போய்விடும், மேலே அடிக்கிற எதுவும் அதன்மேல் படாது. அதனால் அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதோடு வேருக்குக் குருணை மருந்து. ஒரு நாள் குருணை தீர்ந்த டப்பாவை யாரோ கிணற்று மேட்டில் போட்டுவிட்டார்கள், அதில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. செவலை நக்கிவிட்டது. திண்ணைக்கு வந்து விழுந்து, கொட கொடவென்று எச்சில் ஒழுகி, கால் நாலும் இழுத்துக்கொண்டது. பாட்டி புளியைக் கரைத்து ஊற்றினார். ஒருவர் முட்டை வெள்ளைக்கரு என்றார், ஒருவர் வசம்பு என்றார். எல்லாவற்றையும் ஊற்றினார்கள். ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அதன் கண்ணை நான் கிட்டத்தில் பார்த்தேன். கறுப்பே இல்லாமல் வெறும் பழுப்பாக இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து சத்துவாச்சாரியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

நாங்கள் குருணை என்று சொன்ன சரக்கில் முக்கியமானது போரேட். 2018-இல் மத்திய அரசு தடை உத்தரவு போட்டு, 2020 டிசம்பர் 31-உடன் அதை நிறுத்தியது. அதே உத்தரவில் உடனடியாகத் தடையானவற்றில் ஒன்று மீத்தைல் பாரத்தியான். பெயர் புதிதாகத் தெரிகிறதா? நம் ஊர்ச் சண்டைகளிலும் சினிமாக்களிலும் ‘பால்டாயில்’ என்று புழங்கிய பாட்டில் இந்த வகைதான். சரக்கு போய்விட்டது, சொல் மட்டும் இன்னும் இருக்கிறது. சித்தப்பாவும் இப்போது ஓரளவு மாறிவிட்டார். தோட்டத்தில் இனக்கவர்ச்சிப் பொறி தொங்குகிறது, வாடின நுனித் தண்டைப் புழுவோடு கிள்ளி எரிக்கிறார். ஆனால் கொட்டகை வாரை மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே கையை விட்டால் எந்த வருஷத்துப் பாட்டில் வரும் என்று அவருக்கே தெரியாது.

வயலுக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம், டாக்டர் கொடுப்பதையும் மருந்து என்கிறோம். ‘மருந்து வெச்சிருக்கேன்’ என்றால் புண்ணுக்கா எலிக்கா என்று கேட்டால்தான் தெரியும். எனக்கு இந்தச் சொல்லின் மேல் புகார் ஒன்றும் இல்லை, என் பேச்சிலும் அதுதான் வருகிறது. ஆனால் பூச்சிக்கொல்லிக் கடையில் பாட்டில் வாங்கும்போது பாட்டிலின் மேலிருக்கும் சாய்சதுரத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அதன் கீழ்ப்பாதி முக்கோணம் சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் வாய்வழியாகப் போனாலே பாதி விலங்குகள் சாகும் என்றால் சிவப்பு, 5,000-க்கு மேல் போனால் பச்சை. இந்தக் கணக்கைச் சோதனைச்சாலை எலியை வைத்துப் போடுகிறார்கள். பெயர் சுண்டெலியாக இருந்தாலும் பூனைக்கு அது பொருந்தாது. நான் வாங்கிய மாட்டுப் பாட்டிலில் அந்தச் சதுரமும் இல்லை.

இந்த விஷயத்தை ஆபீஸில் சொன்னதும் ஆளுக்கொரு கதை வந்தது. ஒருவர் வீட்டு லேப்ரடார் எலி கேக்கைத் தின்றுவிட்டதாம். நீலமோ பச்சையோ நிறத்தில் இனிப்பாக வருமே, புரோமடியோலோன், அதுதான். தின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் நாய் நன்றாக விளையாடியது, அதனால் விட்டுவிட்டார்கள். நாலாம் நாள் ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம். இந்த விஷம் அப்படித்தான் வேலை செய்யும். ரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே திரும்பத் திரும்பப் பயன்படாமல் தடுக்கும். உடம்பில் ஏற்கெனவே இருக்கிற உறைபொருள் தீரும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுத்துப் பிழைத்தது. தின்ற அன்றே போயிருந்தால் வாந்தி எடுக்க வைத்தே பாதியை முடித்திருப்பார்கள். எலிக்கு வைக்கும் கறுப்புப் பொடி, துத்தநாக பாஸ்பைடு, இதற்கு நேர் எதிர். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகி மணிக்கணக்கில் வேலையை முடித்துவிடும். அதைத் தின்ற நாய் எடுக்கிற வாந்தியின் வாடையை நாம் மூடிய அறையில் முகர்ந்தாலே நமக்கும் ஆபத்து. வயிற்றில் உணவு போகப் போக அமிலம் சுரந்து வாயுவும் கூடும். நம் பால் வைத்தியம் அங்கே என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

மீன் தொட்டியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் என் கைங்கரியம். சுண்டெலிக்கு முந்தின வருஷம், கரப்பான் தொல்லை என்று ஹாலில் ஸ்பிரே அடித்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனோம். தொட்டியில் காற்றுப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் கொப்புளமாக விடுவதுதான் அதன் வேலை. திரும்பி வந்தபோது ஆறு மீனும் மிதந்தன. பைரித்ராய்டு மீனுக்கு லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கிலேயே விஷம். அன்றைக்குத் தண்ணீர் மாற்றாததுதான் காரணம் என்று முடிவு கட்டி, மகளைத் திட்டினேன். அந்த மே மாதத்துக்கு அப்புறம் அவளிடம் போய் அது உன் தப்பில்லை என்று சொன்னேன். “எனக்கு அப்பவே தெரியும்” என்றாள்.

பூச்சிமருந்து குடித்தவர்களைக் காப்பாற்றுவது பற்றி எங்கள் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி மருத்துவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன. அவ்வளவு விஷம் பார்த்த மாவட்டம் இது. அதே மாவட்டத்தில், பாலாற்றுப் பாலத்தின் மேல் நள்ளிரவில் பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனவன் என்று நினைத்தால் ஒரு மாதிரியாக இருக்கிறது. வெட்கமா வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று நாள் சுண்டெலி அங்கேயே இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் காது மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் நர்ஸ் கையைப் பிறாண்டிவிட்டது என்று போன் வந்தது, சரி, பிழைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டோம். இதற்குள் ராஜாவை ஷாம்பூ போட்டு இரண்டு முறை அலசி, அவனுடைய சாக்கு, போர்வை எல்லாவற்றையும் கழித்துக்கட்டினேன். பழைய சீட்டைச் சட்டைப் பையில் தேடி எடுத்து அந்த மாத்திரையையும் வாங்கினேன். சுவர் விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்தேன். மொத்தச் செலவை எழுத வேண்டாம் என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் அந்தப் பாட்டிலின் மூடியை நன்றாகக் கழுவி, அதில் தண்ணீர் நிரப்பி, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து பார்த்தேன். ஒரு மூடி 9 மில்லி. நான் அரை பக்கெட் என்று நினைத்தது 4 லிட்டர். லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்: ஒரு லிட்டருக்கு 1 மில்லி. நான் ஊற்றியது நாலரை மடங்கு. சித்தப்பா மாட்டுக்குக் கரைப்பது எதில் என்று போன் போட்டுக் கேட்டேன். பத்து லிட்டர் பக்கெட், விளிம்பு வரைக்கும். ஆக அவர் கணக்கு ஏறக்குறைய சரி. மூடியைச் சொன்னவர் பக்கெட்டைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முக்கால் பாட்டில் மிச்சம் இருந்தது. சாக்கடையில் ஊற்ற முடியாது, அது போய்ச் சேருகிற இடத்தில் மீன், தவளை எல்லாம் இருக்கும். குப்பை வண்டியில் போடவும் மனம் வரவில்லை, பிரித்தெடுக்கிற அம்மா வெறுங்கையால் திறப்பார். இரண்டு மாதம் பரணில் கிடந்தது. கடைசியில் சித்தப்பா வந்தபோது, மாட்டுக்கு ஆகும், கொடு என்று கேட்டார். கொடுத்தேன். பாட்டிலோடு 5 மில்லி சிரிஞ்ச் ஒன்றை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாடா இது, மாட்டுக்கு ஊசியா போடணும்?”

“அளக்கிறதுக்கு, சித்தப்பா.”

“எனக்கெதுக்கு? எனக்குத்தான் மூடி கீதே” என்று சொல்லிவிட்டு, சிரிஞ்சோடு சேர்த்தே பையில் போட்டுக்கொண்டார். ராஜாவின் வயிற்றில் படுத்திருந்த சுண்டெலி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.